முழங்கால் ஊசியும் பன்னிரண்டு வாரப் பொறுமையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் நெசவாளருக்கும், சேற்றில் குனிந்து நாற்று நடும் உழவருக்கும் அந்தச் சுவர் பெரும்பாலும் அவர்களுடைய முழங்கால்களே. கை எவ்வளவு திறமுடையதாயினும், கால் மிதிக்க மறுத்தால் தறி நின்றுவிடும். கால் மடங்க மறுத்தால் நடவு நின்றுவிடும். முழங்கால் வலி நமது அங்கத்தினர் வீடுகளுக்குப் புதிய விருந்தாளியன்று. ஆனால் அவ்வலிக்கென்று சென்னையில் இப்பொழுது பரவலாகப் பேசப்படும் ஒரு சிகிச்சை புதியது. ‘தேய்ந்த மூட்டை மீண்டும் வளர்க்கும் ஊசி’ என்று விளம்பரங்கள் அதனை வருணிக்கின்றன. அதனை நம்பிச் சேமிப்பை எடுக்க எண்ணும் அங்கத்தினர்களுக்காகவும், ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டு ‘இன்னும் குணமாகவில்லையே’ என்று கலங்குபவர்களுக்காகவும் எங்கள் குடும்பத்தின் அனுபவத்தை இங்கு எழுதுகிறேன்.

என் அக்காளின் கணவர் காஞ்சிபுரத்தில் நெசவாளர். வயது 58. பதினாறாம் வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர். சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் மயிலாப்பூரிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்தார். மாடிப்படி பதினான்கையும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினார். உட்கார்ந்ததும் பையிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து வைத்தார்: ஒரு விளம்பரத் தாள், சங்கத்துச் சேமிப்புக் கணக்குப் புத்தகம், கைக்குட்டையில் முடிந்த அக்காளின் சங்கிலி.

“தம்பி, பங்குனி முகூர்த்தத்திற்கு மூன்று சேலை நெய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்குள் கால் சரியாக வேண்டும். சேமிப்புப் போதவில்லையென்றால் இதையும் வைத்துவிடலாம். தியாகராய நகருக்கு என்னை அழைத்துப் போ” என்றார்.

“போகலாம் அத்தான். ஆனால் ஓர் இடத்தில் அல்ல, இரண்டு இடங்களில் கேட்போம்” என்றேன்.

அந்த ஊசி யாது?

இவ்வகை ஊசிகள் பல உண்டு. அவற்றுள் இன்று மிகுதியாக வழங்குவது பி.ஆர்.பி. ஊசி. நோயாளியின் கையிலிருந்தே சிறிதளவு இரத்தம் எடுக்கப்படும். அதனை ஒரு சுழல் இயந்திரத்தில் வைத்துச் சில நிமிடங்கள் வேகமாகச் சுழற்றுவார்கள். தயிரைக் கடையும்போது வெண்ணெய் தனியே திரள்வதுபோல, இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒரு புறமும், மஞ்சள் நிறத் திரவம் ஒரு புறமும் பிரியும். அத்திரவத்தில் ‘தட்டணு’ எனப்படும் நுண்ணிய பொருள்கள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு செறிந்திருக்கும். காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச் செய்பவையும், புண் ஆறுவதற்கு வேண்டிய வளர்ச்சிப் பொருள்களை வெளியிடுபவையும் இத்தட்டணுக்களே. ஆகவே அவற்றைத் திரட்டி மூட்டுக்குள் செலுத்தினால் அங்கும் ஆறுதல் உண்டாகும் என்பது இச்சிகிச்சையின் கருத்து.

இதற்கு முன்னோடிகளும் உண்டு. அமெரிக்க அறுவை வைத்தியர் ஜார்ஜ் ஹாக்கெட் என்பவர் தளர்ந்த தசைநார்களில் உறுத்தும் திரவத்தைச் செலுத்தி அவற்றை இறுகச் செய்யும் முறைக்கு ‘புரோலோதெரபி’ என்று பெயரிட்டு 1956இல் நூல் வெளியிட்டார். இன்று அம்முறையில் சர்க்கரைச் சத்தான டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் பயன்படுகிறது. எலும்பு மச்சையிலிருந்து எடுக்கும் ‘ஸ்டெம் செல்’ ஊசி மற்றொன்று. இதனைக் குறித்து எச்சரிக்கை மிகவும் தேவை. ஸ்டெம் செல்லை அங்கீகாரம் பெற்ற நோய்களுக்கன்றி வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் அது முறைப்படி பதிவு செய்த ஆராய்ச்சியாக மட்டுமே நடைபெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. முழங்கால் தேய்வுக்கென பெங்களூரில் தயாராகும் ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு 2022இல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி வழங்கியது உண்மையே. ஆனால் அந்த அனுமதி அம்மருந்துக்கு மட்டுமே. பெயர்ப் பலகையில் ‘ஸ்டெம் செல்’ என்று எழுதியிருக்கும் இடங்களுக்கெல்லாம் அது உரியதாகாது.

இரண்டு இடங்களில் கேட்டது

விளம்பரம் செய்திருந்த இடத்திற்கு முதலில் சென்றோம். அங்கே அத்தானின் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னரே கட்டண விவரம் தரப்பட்டது. இரு முழங்கால்களுக்கும் மும்மூன்று ஊசிகள். முழுத் தொகையும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி. “குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடுமா?” என்று நான் கேட்டதற்கு, “நிச்சயமாக” என்று விடை வந்தது. அந்த ‘நிச்சயமாக’ என்ற சொல்லே என்னை வெளியே அழைத்து வந்தது.

அடுத்து அடையாறுப் பக்கத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் அத்தானை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் செய்தார். நடக்கச் சொல்லிப் பார்த்தார். தறியில் எவ்வாறு உட்காருகிறார் என்று தரையில் படம் போட்டுக் காட்டச் சொன்னார். பிறகு அவர் கூறியதன் சாரம் வருமாறு: தேய்வு நடுத்தரமானது, வலக்காலில் மிகுதி. எலும்போடு எலும்பு உரசும் அளவுக்குத் தேய்ந்துபோன மூட்டில் இந்த ஊசியால் பயன் எதிர்பார்க்க முடியாது. அத்தான் அந்த நிலையில் இல்லை. சிலருக்குச் சில மாதங்கள் வலி குறைகிறது. குறையாதவர்களும் உண்டு. குருத்தெலும்பு வளரும் என்று வாக்குக் கொடுப்பதற்கில்லை.

ஆராய்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன், சிட்னி நகரங்களில் 50 வயதைத் தாண்டிய 288 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்குப் பி.ஆர்.பி. ஊசியும், மீதிப்பேருக்கு வெறும் உப்பு நீர் ஊசியும் வாரம் ஒன்றாக மூன்று முறை போடப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து, பத்துக்குக் கணக்கிட்ட வலியில் பி.ஆர்.பி. பெற்றவர்களுக்கு 2.1 புள்ளியும், உப்பு நீர் பெற்றவர்களுக்கு 1.8 புள்ளியும் குறைந்திருந்தன. குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. 2021 நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இது வெளிவந்தது. பி.ஆர்.பி. ஊசிக்குச் சற்று ஆதரவாக முடிந்த சிறு ஆராய்ச்சிகளும் இருக்கின்றன. எனினும் அமெரிக்க வாத நோய் மருத்துவர்களின் கல்லூரி 2019ஆம் ஆண்டு வழிகாட்டியில் இதனைப் பரிந்துரைக்கவில்லை. வேண்டாம் என்றே கூறிற்று. அதே வழிகாட்டி உறுதியாகப் பரிந்துரைத்தவற்றுள் உடற்பயிற்சியும், எடை மிகுந்தவர்கள் எடையைக் குறைப்பதும் அடங்கும்.

மலிவான ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் ஒரு சொல். அது விரைவில் வலியைத் தணிக்கும். ஆனால் 140 பேரிடம் மூன்று மாதத்திற்கு ஒன்றாக ஈராண்டு போட்டுப் பார்த்த ஆராய்ச்சியில், உப்பு நீர் பெற்றவர்களைவிட ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகமாகத் தேய்ந்தது. வலியில் வேற்றுமை இல்லை. இது 2017இல் வெளியான முடிவு. தறியில் ஏறுவதற்காக அடிக்கடி அந்த ஊசியை நாடுகிறவர்கள் இதனை நினைவில் வைப்பது நல்லது.

அன்றிரவு அத்தான் நெடுநேரம் யோசித்தார். முடிவில், “வலக்காலுக்கு மட்டும் ஓர் ஊசி போட்டுப் பார்க்கிறேன். சேமிப்பில் அதற்கு இடம் இருக்கிறது. சங்கிலி ஊருக்குத் திரும்பிப் போகட்டும்” என்றார்.

முதல் வாரம்

ஊசிக்கு முன்பே தயாரிப்புத் தொடங்கியது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் ஒரு வாரத்திற்கு முன்னரே நிறுத்தச் சொன்னார். அவை தட்டணுக்களின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பது காரணம். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றிற்காக ஆஸ்பிரின் முதலியவற்றை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தாமாகவே நிறுத்தலாகாது. அது மூட்டைக் காக்க உயிரைப் பணயம் வைப்பதாகும்.

மாசி மாதம் பிறந்ததும் ஊசி போடப்பட்டது. இரத்தம் எடுத்தது முதல் மூட்டில் செலுத்தியது வரை ஒரு மணி நேரத்திற்கும் குறைவே. அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினோம். வீட்டுப் படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைக்க வேண்டும், கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும் என்று கற்பித்திருந்தார்கள். சிறிய விதிகள்தாம்; ஆயினும் அந்தப் பதினான்கு படிகளில் அவற்றின் அருமை விளங்கிற்று.

அன்றிரவும் மறுநாளும் முழங்கால் வீங்கி, முன்னிருந்ததைவிட அதிகமாக வலித்தது. அக்காள் தொலைபேசியில் அழுதே விட்டாள். ஆனால் இது எதிர்பார்த்ததே. செலுத்திய பொருள் மூட்டில் ஒரு கிளர்ச்சியை உண்டாக்குவதால் இரண்டு மூன்று நாட்கள் வலி கூடுவது இயல்பு. பாராசிட்டமால் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தோம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கால் மணி நேரம் வைத்து எடுத்தோம். எண்ணெய் தேய்த்து உருவுவதையும், வெந்நீர் ஒத்தடத்தையும், ஊரிலிருந்து வந்த பச்சிலைப் பற்றையும் தவிர்த்தோம். நான்காம் நாள் வீக்கம் வடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்று நாட்களுக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போனாலும், காய்ச்சல் குளிர் கண்டாலும், மூட்டு சிவந்து கொதித்தாலும் ஒரு நாள்கூடத் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டில் கிருமி புகுந்தால் சில நாட்களிலேயே அது மூட்டை அழித்துவிடக்கூடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் உடனே காட்ட வேண்டும்.

இரண்டாம் வாரம் முதல்

குணமடைதல் என்பது சும்மா படுத்திருத்தல் அன்று. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்புறத் தசை. வலிக்குப் பயந்து நடவாதிருந்தால் அத்தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டின்மேல் பாரம் கூடும். பாரம் கூடினால் வலியும் கூடும். இந்தச் சுழலை உடைப்பதே பயிற்சியின் நோக்கம்.

முதற் பயிற்சி எளியது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதனைக் கீழ் நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். இவ்வாறு பத்து முறை. அடுத்தது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி மெல்ல இறக்குவது. பின்னர் நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. காலையும் மாலையும் இவற்றைச் செய்தார். தரையில் சம்மணமிட்டு அமர்வதும், குந்தி உட்காருவதும் விலக்கப்பட்டன. சாப்பாடு மேசைக்கு மாறியது. கழிப்பறையில் உயர்ந்த இருக்கை ஒன்று வைத்தோம்.

மூன்றாம் வாரத்தில் லஸ் அருகேயுள்ள நாகேசுவரராவ் பூங்காவுக்கு நடக்கத் தொடங்கினார். சமதரையில் முதலில் பத்து நிமிடம். பிறகு இருபது நிமிடம். மெரினா மணலில் நடக்க ஆசைப்பட்டார். கால் புதையும் மணல் இப்பொழுது வேண்டாம் என்று தடுத்தோம். நடந்த மறுநாள் காலையில் வலி முன்னையளவுக்குத் திரும்பியிருந்தால் நடை சரியான அளவு. வலி மிகுந்திருந்தால் அன்று குறைத்துக்கொள்ள வேண்டும். இதுவே எங்களுக்குச் சொல்லப்பட்ட அளவுகோல்.

நான்காம் வாரம் மிகக் கடினமான வாரம். வலி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. பங்குனி நெருங்கிற்று. “பணமும் போயிற்று, காலமும் போயிற்று” என்று அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஊசியால் பயன் உண்டாவதாயின் அது நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள்தான் படிப்படியாகத் தெரியும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் சொல்லைக் கேட்டிருப்பது வேறு, அந்த நாட்களைக் கழிப்பது வேறு.

அவருடைய மனத்தை உண்மையில் அழுத்தியது கால் அன்று, ஒப்புக்கொண்ட மூன்று சேலைகளே. அக்காள் சங்கத்தில் நிலைமையை எடுத்துச் சொன்னாள். ஒரு சேலையை மகன் ஏற்றான். மற்ற இரண்டையும் அதே தெருவிலுள்ள இரு அங்கத்தினர்கள் தங்கள் தறிகளில் நெய்து தர ஒப்பினார்கள். அச்செய்தி வந்த நாளிலிருந்து அத்தான் பயிற்சியைத் தவறவிடவில்லை. மருந்துக் கடையில் கிடைக்காத மருந்து இது.

ஆறாம் வாரத்தில் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா. அறுபத்து மூவர் உலாவன்று மாடவீதியில் கூட்டம் அலை மோதியது. தெரிந்தவர் கடை வாயிலில் ஒரு நாற்காலி போட்டு அத்தானை உட்கார வைத்தோம். சுவாமி வரும்போது, நாற்காலியின் கையைப் பிடிக்காமலே எழுந்து நின்று கும்பிட்டார். தாம் அவ்வாறு எழுந்ததை அவரே பிறகுதான் உணர்ந்தார்.

ஒரு பந்து வீச்சாளரின் பாடம்

நம் பக்கத்து உதாரணம் ஒன்று இங்கே பொருந்தும். தியாகராய நகரை அடுத்த மேற்கு மாம்பலத்தைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் ரவிச்சந்திரன் அசுவின், 2022ஆம் ஆண்டின் இறுதியில் வங்காள தேசத்திலிருந்து திரும்பியபோது முழங்கால் தொல்லையால் துன்புற்றார். அடுத்து வரும் ஆஸ்திரேலியத் தொடரே தமக்குக் கடைசித் தொடராக இருக்கலாம் என்று மனைவியிடம் கூறியதாக அவரே பின்னர்ப் பேட்டியில் சொன்னார். பெங்களூர் சென்று முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. பல ஆண்டுகளாகப் பழகிய பந்து வீசும் முறையையே மாற்றி, முழங்காலுக்குப் பளு குறைந்த தம் பழைய முறைக்குத் திரும்பினார். 2023 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த அத்தொடரின் நான்கு ஆட்டங்களில் 25 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அவர் வயதும் நோயும் வேறு. அத்தானின் வயதும் நோயும் வேறு. ஆயினும் பாடம் ஒன்றே. மூட்டைத் துன்புறுத்திய பழக்கம் மாறாதிருக்கையில் ஊசி மட்டும் நிலைத்த பயனைத் தராது. மழை பெய்தால் மட்டும் விளைச்சல் வந்துவிடுமா? உழவும் களையெடுப்பும் நம்முடையவை அல்லவா?

தறிக்குழியில் செய்த மாற்றம்

எட்டாம் வாரத்தில் அத்தான் காஞ்சிபுரம் திரும்பினார். தறியில் அமர்வதற்கு முன் மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. உட்காரும் பலகை நான்கு விரற்கடை உயர்த்தப்பட்டது. இதனால் முழங்கால் முன்போல் ஒடுங்கி மடங்குவதில்லை. குழியிலிருந்து எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரோரம் ஒரு வலுவான கட்டை நடப்பட்டது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து பத்து அடி நடக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் போடப்பட்டது; அதை அமல் செய்பவள் அக்காள். முதலில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் நெய்தார். பன்னிரண்டாம் வாரத்தில் அரை நாள்.

எடையும் நான்கு கிலோ குறைந்தது. ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்.

இன்று அவருக்கு வலி முற்றிலும் நீங்கியதா? இல்லை. மாலையில் வலக்கால் சற்றே கடுக்கிறது. ஆனால் ஊசி போடாத இடக்காலும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருக்கிறது. “அப்படியானால் குணப்படுத்தியது ஊசியா, பயிற்சியா?” என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சிரித்தார். “ஊசிக்குப் பணம் கொடுத்தேன். அதனால்தான் பயிற்சியை ஒழுங்காகச் செய்தேன் போலிருக்கிறது. இடக்கால் எனக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டது” என்றார்.

பணம் கட்டுமுன்

அங்கத்தினர்கள் இத்தகைய சிகிச்சைக்கு முன் சில கேள்விகளைக் கேட்டு விடை பெற வேண்டுகிறேன். என் மூட்டின் தேய்வு எந்த நிலையில் உள்ளது? செலுத்தப்படும் மருந்து யாது? அதற்கு அனுமதி உண்டா? எனக்குப் பயன் கிடைக்காமற்போக எவ்வளவு இடமுண்டு? ஊசிக்குப் பிறகு பயிற்சி கற்பிப்பவர் யார்? எத்தனை நாள் வேலையை விட்டிருக்க வேண்டும்? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. நாட்கூலியை நம்பி வாழ்பவர்க்கு ஊசியின் விலையைவிட ஓய்வின் விலையே பெரிது. ‘நிச்சயம் குணம்’ என்று சொல்லும் இடத்திலும், பரிசோதிக்குமுன் பணம் கேட்கும் இடத்திலும் எழுந்து வந்துவிடலாம். இரத்தம் உறைவதில் குறையுள்ளவர்கள், உடலில் எங்கேனும் கிருமித் தொற்று உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் அதனை முன்னரே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பயிற்சியை இரண்டு மூன்று மாதங்கள் முறையாகச் செய்து பார்ப்பதற்கு முன் ஊசிக்காக நகையை அடகு வைக்க வேண்டா.

நோயுற்றபோது ஒருவர் தனியே நிற்கலாகாது என்பது கூட்டுறவின் அடிப்படை. 1958இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி அடையாறு வட்டாரத்தில் தோற்றுவித்த தன்னார்வ மருத்துவப் பணி நிலையம், குடும்பங்கள் தத்தம் வருவாய்க்கேற்பச் சந்தா செலுத்தி மருத்துவ உதவி பெறும் வழியைக் காட்டியது அந்த எண்ணத்தில்தான். நம் சங்கங்களும் தம்மால் இயன்றதைச் செய்யலாம். ஒருவர் பன்னிரண்டு வாரம் தறியை விட்டிருக்க நேர்ந்தால், அவர் ஒப்புக்கொண்ட வேலையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒவ்வொரு தெருவிலும் இருக்குமானால், வலியை மறைத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டு மூட்டை முற்றும் தேயவிடும் அவலம் குறையும்.

அத்தான் ஒப்புக்கொண்ட மூன்று சேலைகளும் பங்குனியில் உரிய நாளில் போய்ச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றுகூட அவர் நெய்ததன்று. ஆவணியில் அவர்களில் ஒருவருக்குக் கண்ணில் அறுவை நடந்தபோது, அவருடைய தறியில் பாதி நாள் அமர்ந்து நெய்தவர் அத்தான்.